தங்கச்சி அனுப்பிய துணிகள்

கம்பளிக் கோட்டு ஐஸ் உருகாமல் காக்கும் என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டு மீன்காரம்மாவுக்கு மட்டும் தெரியும். அந்தக் கோட்டு ஆறு வருஷமாக அவள் மீன் பெட்டியின் மேல்தான் கிடக்கிறது.

பிரான்சிலிருந்து என் தங்கச்சி அனுப்பிய கோட்டு அது. முழங்கால் வரைக்கும் நீளம், கரும்பச்சை நிறம், தூக்கினால் பிள்ளையைத் தூக்குவது போல கனம். புதுச்சேரி வெயிலில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு நாள் மீன்காரம்மா ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது என்று புலம்பிக்கொண்டு வந்தாள். வெளிக்குளிரை உள்ளே விடாத துணி உள்குளிரை வெளியேயும் விடாதே என்று எனக்குத் தோன்றியது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. கோட்டின் கைகளை வெட்டி எடுத்து, உடம்பைப் பெட்டி அளவுக்கு மடக்கித் தைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"யக்கா, ரெண்டு மணி வரைக்கும் ஐஸு அப்படியே கல்லு மாதிரி கெடக்குது. வாங்க வர்றவங்க கேக்கறாங்க, இது என்னா போர்வைன்னு. பாரீஸ் கோட்டு போட்ட வஞ்சிரம், வெல கொஞ்சம் கூடத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குள் வந்து, வெட்டி எடுத்த இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைகளின் முழங்கைப் பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. என் தங்கச்சி எங்கேயோ மேசையில் கையை ஊன்றி உட்காருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

எனக்கும் அவளுக்கும் மூன்று வயது வித்தியாசம். பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவளை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் சீக்கிரமே இறந்துவிட்டார். மகனை வளர்க்க ஒரு கடையில் வேலைக்குப் போகிறேன் என்று தங்கச்சி எழுதினாள். எங்கள் அம்மா இறந்தபோது வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் ஆகிறது, வரவே இல்லை. கேட்டால், "கடையில லீவு தர மாட்டேங்கறாங்கக்கா" என்பாள்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை துணிமூட்டை வரும். ஆகஸ்ட் மாதம் பிரான்சில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் லீவுக்கு வரும்போது யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் போட்டுப் பழசான துணிகள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

நான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கடிதம் எழுதுவதற்குள் கை வியர்த்துவிடும். போனில் இன்னும் மோசம். 'ம்', 'சரி', 'சாப்பிட்டியா', இவ்வளவுதான் வரும். அவளும் 'நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர எதுவும் சொல்லமாட்டாள். அதனால் அந்தத் துணிகள்தான் எனக்குக் கடிதம் மாதிரி. அதை என்னால் படிக்க முடியும். அந்தப் படிப்பு எனக்குத் தட்டாஞ்சாவடியில் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறையில் இருந்தார். பட்டறைகளில் கையும் மெஷினும் துடைக்கப் பழந்துணி மூட்டை மூட்டையாக வேண்டும். அந்தத் துணியைப் பிரித்து வெட்டிக் கொடுக்கும் குடோன் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார்ந்தேன். ஊரில் யார் யாரோ போட்டுக் கழித்த துணி மலையாகக் குவிந்து கிடக்கும். பித்தான், ஜிப்பு, கொக்கி எல்லாம் எடுத்துவிட்டு, அரிவாள்மணையில் வைத்துக் கிழிக்க வேண்டும். எண்ணெய் குடிக்கிற பருத்தி ஒரு பக்கம், குடிக்காத நைலான் ஒரு பக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும்.

கொஞ்ச நாளில் எனக்கு வேறு ஒன்றும் தெரிய ஆரம்பித்தது. ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் அதைப் போட்ட ஆள் தெரிவார். கண்டக்டர் சட்டை தோளில் தேய்ந்திருக்கும், பை தொங்குகிற இடம். டெய்லர் சட்டை நெஞ்சில் ஊசிக்குத்தாக இருக்கும். கையூன்றி எழுதுகிறவனுக்கு ஒரு பக்கக் கைவிளிம்புதான் முதலில் போகும். நான் சொன்னால், கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். "ஜோசியக்காரி வந்துட்டா, இந்தப் பேண்டுக்கு எப்ப கல்யாணம் சொல்லு" என்பார்கள். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன். பார்ப்பதை நிறுத்தவில்லை.

அப்படித்தான் தங்கச்சி மூட்டையையும் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, பாயை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்புவேன். முழங்கை தேய்ந்திருக்கிறதா, நல்லது, உட்கார்ந்து செய்கிற வேலை. பாக்கெட்டில் சின்ன ஓட்டை, சாவி போட்டு வைக்கிறாள், ஆகவே சொந்தமாகப் பூட்ட ஒரு வீடு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே இரண்டு ஊசித் துளை, பூ வைத்த ஊசி ஏதோ குத்திக்கொள்கிறாள், அலங்காரம் பண்ணிக்கொள்ள ஆசை விட்டுப்போகவில்லை. ஒரு வருஷம் பாவாடையெல்லாம் சாம்பல் நிற முடி. கடிதத்தில் 'பூனை நல்லா இருக்கா' என்று எழுதினேன். 'நல்லா இருக்கு, சேட்டைதான் தாங்கல' என்று பதில் வந்தது. என் படிப்பு பலித்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தூரத்தில் இருந்தாலும் அவள் மடியில் பூனை உட்காருவது வரைக்கும் எனக்குத் தெரிகிறது!

ஒன்று மட்டும் உறுத்தியது. எந்தச் சட்டையை எடுத்தாலும் வலது கைவிளிம்புதான் அதிகமாகத் தேய்ந்திருந்தது. என் தங்கச்சி இடது கைக்காரி. சோற்றைக்கூட இடது கையால் எடுத்து அம்மாவிடம் அடி வாங்கினவள். அந்த நாட்டில் போய் மாற்றிக்கொண்டாள் போல என்று நினைத்தேன். அதில் எனக்கு வருத்தமும் இருந்தது. இங்கே அடித்தும் மாறாதது அங்கே தானாக மாறிவிட்டதே என்று.

குடோனில் ஊர்த்துணியெல்லாம் கிழித்தேன். அவள் துணியில் ஒரு முழம்கூட மெஷின் துடைக்கக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே ஏதாவது ஒன்றாக மாற்றி வைத்துக்கொண்டேன். பாவாடையைப் பிரித்து அறைவாசலுக்குத் திரை. கோட்டின் உள்பக்கம் இருந்த வழவழப்புத் துணியில் தலையணை உறை. காலுறை நீளமாக நைலானில் வரும், அதில் வெங்காயம் போட்டு ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு முடிச்சு போட்டுத் தொங்கவிட்டால் அழுகாது, வேண்டும்போது கீழே ஒரு முடிச்சு வெட்டிக்கொள்ளலாம். தடித்த கால்சட்டையில் ரேஷன் கடைக்குப் பை. கழுத்து வைத்த ஸ்வெட்டர் ஒன்றை மண்பானைக்குப் போட்டேன். கீழே இருந்து மாட்டினால் கழுத்து வழியாகப் பானை வாய் சரியாக வெளியே வரும். கைகள் இரண்டையும் வெட்டிவிட்டு ஓட்டையைத் தைத்தேன். தினமும் அதை நனைத்துவிட்டால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

மீன்காரம்மா பார்த்துவிட்டு, "ஏன்கா, பானைக்குக் குளிருதா?" என்றாள்.

"குடிச்சுப் பாரு" என்று ஒரு சொம்பு கொடுத்தேன்.

குடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "ஒன் தங்கச்சி சூடு பண்ணிக்கப் போட்டத நீ ஜில்லு பண்ணிக்கப் போட்டுட்ட. நல்ல அக்காதான் போ."

என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் எங்கே கை வைத்தாலும் தங்கச்சி இருந்தாள். படுத்தால் கன்னத்துக்குக் கீழே, தண்ணீர் மொண்டால் விரலுக்கு அடியில். கோயிலுக்குப் போகும்போது தலையில் முக்காடு போட அவளுடைய பட்டுத்துணி ஒன்று, நீலத்தில் வெள்ளைப் பூ. எத்தனை துவைத்தும் லேசாக ஒரு செண்டு வாசனை மிச்சம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்து, அவளை ஒரு தடவை கண்ணில் காட்டும் மாதாவே என்று கேட்பேன். வேறு எதுவும் கேட்டதில்லை.

போன வருஷம் வந்த மூட்டை பெரியது. வழக்கத்தைவிட இரண்டு பங்கு. பாயில் பரப்பினேன்.

பாவாடைகளின் இடுப்பில் தையல். ஒரு தையல் இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. முதலில் கொஞ்சம் பிடித்திருக்கிறார்கள், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும். பெல்ட்டில் கம்பெனி போட்ட ஓட்டைகளுக்கு அப்பால் ஆணி வைத்துக் குத்திய ஓட்டை நாலு. சட்டைப் பித்தான்களை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளித் தைத்திருந்தது. மார்பில் கஞ்சி கொட்டினாற்போல வெளுத்த கறை. அடியில் ஒரு நீள கவுன், படுக்கும்போது போடுவது, பூப்போட்டது. அதைத் திருப்பினேன். முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு பக்கமும் கட்டிக்கொள்ள நாடா வைத்திருந்தது.

அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கடைசி மாதம் கிடந்தபோது, அவருடைய சட்டைகளை நானே அப்படித்தான் முதுகில் வெட்டினேன். எழுந்து உட்கார முடியாதவர்களுக்கு முன்பக்கமாகக் கையை நுழைத்துப் போட்டுவிட அப்படி வெட்டுவோம்.

என் தங்கச்சி படுக்கையில் விழுந்துவிட்டாள். எனக்குச் சொல்லாமல் இருக்கிறாள். இருக்கிற துணியையெல்லாம் கழித்து அனுப்பிவிட்டாள், இனிமேல் தேவையில்லை என்று. அந்த மூட்டை எனக்கு அப்படித்தான் படித்தது.

நாலு வாரம் அதை மனதிலேயே வைத்துக்கொண்டு கிடந்தேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போன் பண்ணினாள். 'நல்லா இருக்கேன்கா' என்றாள். குரல் களைத்துப்போய் இருந்தது. 'ம்' என்றேன். வைத்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. மீன்காரம்மாதான் ஒரு நாள் மத்தி கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். கவுனை எடுத்துக் காட்டினேன். அவளும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இத வச்சிக்கிட்டு ஒரு மாசமா உக்காந்திருக்கியா? வாயத் தொறந்து கேளுக்கா!"

"எப்படிக் கேக்கறது?"

"எப்படின்னா? வாயாலதான். இரு, மூஞ்சி தெரியற மாதிரியே போட்டுத் தரேன்." அவள் போனில் தங்கச்சி நம்பரைப் போட்டு, என் கையில் திணித்து, ஓடிப்போய்விடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அவள் முகம் தெரிகிற மாதிரி பேசிப் பழக்கமில்லை. என்னுடையது பித்தான் போன். அவள் அனுப்பிய போட்டோக்களிலும் பனியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பாள். கோட்டுக்குள் எல்லோரும் ஒரே பருமன்தான். இப்போது போனில் ஒரு விட்டமும் கொஞ்சம் நெற்றியும் தெரிந்தது.

"அக்கா? என்னா திடீர்னு? யாரு போனு இது?"

"சும்மாதான்."

மீன்காரம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

"ஒடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கேன்."

"எளச்சிட்டியா?"

"யாரு, நானா? எழுபத்தெட்டு கிலோ இருக்கேன்கா. டாக்டரு என்னப் பாத்தாலே திட்றாரு."

"பொய் சொல்லாத. பாவாடையில மூணு தையல் போட்டு இருக்கு. பெல்ட்டுல ஆணியால ஓட்ட குத்தி இருக்கு. கவுன முதுகுல வெட்டி இருக்கு. படுத்துட்டியா நீ? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? துணியப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

போனில் அவ்வளவு நீளமாக நான் என் ஆயுசில் பேசியதில்லை. எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. அந்தப் பக்கம் போன் ஆடியது. எதன் மேலேயோ சாய்த்து வைத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்து போனாள். போகப் போக முழு உருவமும் தெரிந்தது. குட்டையாக வெட்டிய நரைமுடி. பெரிய தோள். பெரிய இடுப்பு. என்னைப் போல இரண்டு பங்கு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருஷம் கழித்து என் தங்கச்சியை அன்றைக்குத்தான் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தேன்.

"அம்மாடி, கோயில் தூணு மாதிரி நிக்கறா. இவளப் போயி எளச்சிட்டான்னு அழுதியே" என்றாள் மீன்காரம்மா. ஆனால் உடனே ஏதோ புரிந்தவளைப் போல எழுந்தாள். "பேசிட்டு வச்சிரு, மீன் கழுவப் போறேன்" என்று போய்விட்டாள்.

தங்கச்சி போனுக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"அது என் துணி இல்லக்கா."

"பின்ன யாருது?"

"மதாமுது."

"எந்த மதாமு?"

"நான் வேல செய்யற வீட்டு மதாமு. கடையில இல்லக்கா நான். வீட்டு வேலதான். பெருக்கறது, தொடைக்கறது, கடைசியில அவங்களக் குளிப்பாட்டறது. ஒரே வீடுதான், இத்தன வருஷமும்." நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னாள். "நீ சொன்னது சரிதான்கா. எளச்சிதான் போனாங்க. ரெண்டு வருஷமா படுக்க. நான்தான் கவுன வெட்டினேன். ஈஸ்டருக்கு அப்புறம் போயிட்டாங்க. வீட்டக் காலி பண்ண வந்தவங்க அலமாரிய ஒழிக்கச் சொன்னாங்க, அவசரத்துல அதயும் சேத்துக் கட்டிட்டேன்."

"எல்லா வருஷமும் வந்தது?"

"எல்லாம் அவங்களுதுதான்."

"பச்சக் கோட்டு?"

"அவங்களுது."

"பூனை?"

"அதுவும் அவங்களுதுதான்கா" என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"நீ இன்னும் எடது கைதானா?"

"பின்ன? அது மாத்திக்கற சமாச்சாரமா?"

"ஒன்னுது ஒண்ணுகூட இல்லையா?"

"என்னுது எப்படிக்கா அனுப்பறது. வேலைக்குப் போட்டுப் போட்டு நைஞ்சி போனது. அவங்க துணி நல்லா இருக்கும், தூக்கிப் போடுன்னு சொல்லுவாங்க, ஒனக்கு ஆகுமேன்னு எடுத்து வைப்பேன். கடைன்னு ஒரு தடவ சொல்லிட்டேன். ஊர்ல எல்லாரும் பிரான்சு பிரான்சுங்கறாங்க. அப்புறம் அத எப்படி மாத்திச் சொல்றது? லீவு இல்லன்னு சொன்னது மட்டும் நெசம். அவங்களுக்கு யாரும் இல்லக்கா. விட்டுட்டு வர முடியல."

போனை மீன்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். தண்ணீர் குடிக்கப் பானையிடம் போனேன். ஸ்வெட்டர் மேல் கை படும்போது கையை எடுத்துக்கொண்டேன். யாருடைய கழுத்து அது? யாருடைய முழங்கையை நான் இத்தனை வருஷம் தடவினேன்? அன்றைக்குத் தலையணையைப் புரட்டிப் போட்டு, உறையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

கோபம் தங்கச்சி மேல் இல்லை. அந்த மதாம் மேல்தான். என் தங்கச்சியை இருபத்தாறு வருஷம் என்னிடம் அனுப்பாமல் வைத்துக்கொண்டவள் அவள். அவளுடைய சாவி, அவளுடைய பூனை, அவளுடைய செண்டு. ஆனால் அதே ஆள் இளைத்துப் போவதைத்தான் நான் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாதம் அழுதிருக்கிறேன். அவளுக்கு அழ வேறு யாரும் இல்லை என்று தங்கச்சி சொல்கிறாள். கோபத்தை எவ்வளவு நாள் பிடித்து வைக்க முடியும்? நாலாம் நாள் தலையணைக்கு உறையை மறுபடியும் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் கோயில் ஆபீசுக்குப் போனேன். பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று கருத்து எழுதுகிற பெண் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். இரண்டு பேரை முன்னால் விட்டுவிட்டுப் பிறகு போய் நின்றேன்.

"யாருக்கும்மா?"

"இறந்தவங்களுக்கு."

"பேரு?"

மதாமின் பேரைத் தங்கச்சி சொல்லியிருந்தாள். எனக்கு அது வாயில் வரவில்லை. "மதாம்" என்றேன்.

"மதாம்னா? முழுப் பேரு சொல்லுங்கம்மா."

"பிரான்சுல ஒரு மதாம். அப்படியே எழுதிக்கம்மா. ஆண்டவருக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

"அவங்க துணி என்கிட்ட இருக்கு" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு முதல் பூசையில் சாமியார் 'பிரான்சு நாட்டைச் சேர்ந்த மதாம் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று படித்தார். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளுடைய நீலத் துணியை நன்றாக முன்னால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தங்கச்சி போன் பண்ணியபோது நானே கேட்டேன். "ஒன்னுது ஒண்ணு அனுப்பு. கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல. கிழிஞ்சதுதான் வேணும்."

"எதுக்குக்கா?"

"எனக்குப் பாக்கணும்."

இந்த ஆகஸ்டில் வந்தது. மூட்டை இல்லை, ஒரு சின்னப் பை. உள்ளே ஒரே ஒரு கால்சட்டை, கருநீலம், முரட்டுத் துணி. புடவை கட்டிக்கொண்டு போனவள் இதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்தேன். முழங்கால் இரண்டும் வெளுத்து, நூல் நூலாகத் தேய்ந்து போயிருந்தது. மேசையில் கையூன்றி உட்கார்ந்தவள் இல்லை இவள். தரையில் முட்டி போட்டவள். மதாம் வீட்டில் மரத்தரை என்றும், மெழுகு போட்டுக் கையால் தேய்த்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்றும் பிறகு சொன்னாள்.

உள்பக்கமாகப் புரட்டினேன். இரண்டு முழங்காலிலும் ஒட்டுப் போட்டிருந்தது. மடித்து மடித்து நாலு மடிப்பு, சுற்றிலும் பொடித் தையல். ஒட்டுத் துணி மெத்தென்று இருந்தது. ஊதாவில் மஞ்சள் கட்டம். என் அம்மாவின் கைத்தறிப் புடவை. அம்மா செத்து பத்தாம் நாள் புறப்படும்போது தங்கச்சி எடுத்துக்கொண்டு போனது. கட்டிக்கொள்ளத்தான் எடுத்துப் போகிறாள் என்று நினைத்தேன்.

நான் துணியைப் பிரிக்கிறவள். தையலைக் கண்டால் நகம் தானாக அதற்கடியில் போகும். அன்றைக்குப் போகவில்லை. அந்த இரண்டு இடத்திலும் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து கதவைத் தாழ் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். எழுபது வயதில். இடுப்பு இரண்டு சுற்று வந்தது, கையால் பிடித்துக்கொண்டேன். அம்மா புடவை என் முட்டியைத் தொட்டது. அறையிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்தேன்.

மீன்காரம்மா வெளியே நின்று, "யக்கா, உள்ள என்னா பண்ற, போனு வந்திருக்கு" என்று கதவைத் தட்டினாள். "இரு, இரு" என்று கத்திக்கொண்டே புடவையை வாரிச் சுற்றிக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் போனை வாங்கினேன்.

"வந்துச்சாக்கா?" என்றாள் தங்கச்சி.

"வந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன். போட்டும் பாத்தேன்."

"ஐயோ! நீயா? நடந்தியா?"

"அடுப்படி வரைக்கும்."

அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு ஒட்டுத் துணியைப் பற்றிச் சொன்னேன்.

"முட்டி ரொம்ப வலிச்சிதுக்கா ஒரு வருஷம். வேற எந்தத் துணியும் மெத்துன்னு இல்ல" என்றாள். பிறகு, "அத என்னா பண்ணப் போற? பை தைக்கப் போறியா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"வெட்டிடாதக்கா. நான் வந்தா எனக்கு வேணும்."

நான் வந்தா என்று அவள் சொன்னது இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எப்போது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது.

"சரி, வெட்டல" என்றேன்.